சைடு பேனலைக் கழற்றிய பிறகு

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கிராபிக்ஸ் கார்டை விற்க இரண்டு நிமிடம் போதும். ஷெல்ஃபில் இருந்து பெட்டியை எடுத்து, சீரியல் நம்பரை பில்லில் எழுதி, பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கலாம். நரசிங்கபுரம் தெருவில் மாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வேகம் கைவரவே இல்லை. கார்டு கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "சிஸ்டத்தத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்றுதான். இல்லை என்றால், வீட்டுக்குப் போய் சைடு பேனலைக் கழற்றி நாலு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், மதர்போர்டு, கேபினெட்டுக்குள் கார்டு உட்காரும் இடம், பின்பக்கம் மானிட்டர் ஒயர் செருகியிருக்கும் இடம். கார்டின் பெயரைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். பதினைந்தாயிரம் ரூபாயோடு வரும் பையனுக்கு எந்தக் கார்டு என்பதை அவன் வீட்டு மேசைக்கடியில் இருக்கும் பெட்டி எப்போதோ முடிவு செய்துவிட்டது. அது என்ன முடிவு என்று படித்துச் சொல்வதுதான் என் வேலை.

மலிவான அசெம்பிள்டு சிஸ்டத்தில் எஸ்எம்பிஎஸ்ஸை யாரும் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். கேபினெட் வாங்கும்போதே உள்ளே மாட்டி வந்திருக்கும். ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். நான் அதைப் பார்ப்பதில்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று தேடுவேன். 14 என்று இருந்தால், 12-ஐயும் 14-ஐயும் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கார்டும் தங்கள் கரண்டை எடுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் கணக்கில் ஏற்றிக் காட்டியது. பழைய காலத்துப் போர்டுகளுக்கு அது உதவியிருக்கும். இப்போதைய சிஸ்டத்தில் அதைக் கேட்க ஆளில்லை. ஐ5 3470 பிராசஸரின் கணக்கு 77 வாட். அதோடு 150 வாட் ஆர்எக்ஸ் 570 கார்டைச் சேர்த்தால் 227. ஸ்டிக்கர் ஒத்துக்கொள்வதே 168தான், அதுவும் ஸ்டிக்கர் பொய் சொல்லாமல் இருந்தால்.

இதையும் மீறி மாட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் ஆகாது. டெஸ்க்டாப் வரும், யூடியூப் ஓடும், பையன் சந்தோஷமாக போட்டோ போடுவான். கேமில் சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் ஸ்கிரீன் இருண்டு சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கார்டு கெட்டுவிட்டது என்று கார்டைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். என் டேபிளில் வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டுக் காட்டினால் மணிக்கணக்கில் ஓடும். விடாமல் அப்படியே ஓட்டினால் ஒருநாள் வாடை வரும். நல்ல காலம் இருந்தால் எஸ்எம்பிஎஸ் மட்டும் போகும். இல்லாவிட்டால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஸ்டிக்கர் கிழிந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸை எங்கள் தெருவில் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உள்ளே டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் உருப்படியாக இருந்தால் கனக்கும். காலி டப்பா மாதிரி கைக்கு வந்தால் அது டப்பாதான்.

மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் தன்னளவில் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனி ஒயர் வர வேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த ஒயரே இருக்காது. பழைய ஹார்டு டிஸ்குக்குப் போகும் நாலு பின் ஒயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்று நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். என் கடையில் அது கிடையாது. பக்கத்துக் கடையில் இருக்கிறது என்று வாங்கி வந்தாலும் மாட்டித் தர மாட்டேன். ஒயர் உருகிக் கருகிய பிளக்குகள் சிலவற்றை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். பேச்சு வளர்ந்தால் எடுத்துக் காட்டுவேன்.

அதனால் பட்ஜெட் சிஸ்டங்களுக்கு இத்தனை வருடம் சோறு போட்டது 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகள்தான். 2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வாட். 2016 அக்டோபரில் 1050 டிஐ, 75 வாட். 2019 ஏப்ரலில் 1650, அதுவும் 75. 2024 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல், 70 வாட். பத்து வருடத்தில் நாலு கார்டு. பெரிய கார்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இவற்றைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். ஆனால் திருவொற்றியூரிலும் பல்லாவரத்திலும் ஓடிய ஜிடிஏ 5-இல் பெரும்பகுதி இவற்றின் மேல்தான் ஓடியது என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை உண்டு. 1650-இல் சில கம்பெனி மாடல்கள் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி 6 பின் சாக்கெட்டும் வைத்து வந்தன. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் வீட்டுக்குப் போய்த்தான் அந்த ஓட்டை கண்ணில் படும்.

ஐடி கம்பெனிகளும் பேங்குகளும் கழித்துப்போட்ட டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் எங்கள் தெருவுக்கு லாரியில் வந்து இறங்கும். ஐ5 மூன்றாம் தலைமுறை, நாலாம் தலைமுறை. விலை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஒல்லியான பெட்டி என்றால் அதில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-இன் ஒல்லி மாடலில் எஸ்எம்பிஎஸ் 240 வாட், அதன் வடிவமே வேறு. கடையில் கிடைக்கும் சாதா எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காராது. எச்பி பெட்டிகள் பலவற்றில் போர்டுக்குப் போகும் பிளக்கே தனி ஜாதி. நன்றாக உழைத்து வந்த மாடு, ஆனால் லாடம் அதே ஊரில்தான் கிடைக்கும் என்கிற கதை. இந்தப் பெட்டி வைத்திருப்பவருக்கு நான் காட்டக்கூடியது லோ புரொஃபைல் 1050 டிஐ, லோ புரொஃபைல் 1650, இரண்டும் கிடைக்காவிட்டால் ஜிடி 1030. அவ்வளவுதான்.

ஆர்எக்ஸ் 6400-உம் பாதி உயரத்தில் வருகிறதே, 53 வாட்தானே என்று விவரம் தெரிந்த பையன்கள் கேட்பார்கள். இங்கேதான் ஸ்லாட்டின் கணக்கு வருகிறது. ஸ்லாட் நீளமாக இருந்தாலும் அந்தக் கார்டு பயன்படுத்துவது நாலு லேன், அதாவது நாலு டேட்டா பாதை, மட்டும். 2022 ஜனவரியில் வந்த அதன் அண்ணன் 6500 எக்ஸ்டியும் அப்படியே. புது போர்டில், பிசிஐஇ நாலாம் தலைமுறையில், நாலு லேன் வழியாக நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். மூன்றாம் தலைமுறைப் போர்டில் அது 4. ஐ5 2400 காலத்துப் போர்டில் 2. கார்டின் மெமரியே 4 ஜிபிதான். அது நிறைந்ததும் மிச்சத்தை ராமில் வைத்து இந்த வழியாகத்தான் இழுக்க வேண்டும். அப்போது கேம் விக்கி விக்கி ஓடும். விலை குறைந்த கார்டு, ஆனால் அதை முழுசாக ஓட்டப் புது போர்டு வேண்டும் என்றால் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையில் பழைய போர்டு இருப்பவர்தானே விலை குறைந்த கார்டைத் தேடுகிறார்?

அப்பாக்கள் ஜிபியை நம்புவார்கள். "நாலு ஜிபி கார்டே அஞ்சாயிரத்துக்குக் கீழ குடுக்குறான், நீங்க ரெண்டு ஜிபிக்கு அவ்ளோ சொல்றீங்க?" என்பது வாரம் தவறாமல் கேட்கும் கேள்வி. அந்த நாலு ஜிபி கார்டு ஜிடி 730 ஆக இருக்கும், மெமரி டிடிஆர்3 ஆக இருக்கும். மெமரி எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பதுதான் கேமுக்குப் பேச்சு. ஜிடி 1030 இதற்கு நல்ல உதாரணம். 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தபோது அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் சாதா டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்று வந்தது; அதன் வேகம் 17-ஐ எட்டவில்லை. பெட்டியின் முன்பக்கம் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் அந்தக் கார்டை யாரும் வாங்கக் கூடாது. ஜிடி 710, 730-ஐ நான் மட்டம் தட்டுவதில்லை. அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஐ3 12100எஃப், ஐ5 9400எஃப் என்று எஃப் எழுத்தில் முடியும் பிராசஸர்களில் டிஸ்ப்ளே கொடுக்கும் பகுதி வேலை செய்யாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு, பில்லிங்குக்கு சிஸ்டம் போடுகிற மளிகைக் கடைக்காரருக்கு 710 போதும். கேம் ஆடுகிறவனுக்கு அது டிஸ்ப்ளே வரவைக்கும் சாமான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கார்டே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும் இந்தத் தொழிலில் உண்டு. ஃப்ரீ ஃபயரை புளூஸ்டாக்ஸ் போட்டு ஆடுகிற பையன்கள் ஒரு காலத்தில் படை எடுத்து வந்தார்கள். "அண்ணா, லேக் ஆகுது, கார்டு போடணும்." போனில் ஆட வேண்டியதைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு போனை உருவாக்கி ஆடுகிறார்கள், அதன் பாரம் பெரும்பாலும் பிராசஸர் மேலும் ராம் மேலும்தான் விழும். பயாஸுக்குள் போய் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆஃப் ஆகியிருக்கும். அதை ஆன் செய்து, ஒற்றை ராமுக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டால் பாதி நோய் தீர்ந்துவிடும். ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர்களில் இது இன்னும் முக்கியம். அவற்றுக்கென்று தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிடிஆர்4 2400 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டை சரியான ஸ்லாட்டில் போட்டால் 38.4. கார்டு வாங்க வந்த பையன் இரண்டாயிரத்துக்கு ராம் வாங்கிக்கொண்டு போனதும் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

வேலரண்ட் ஆடுகிறவனிடம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஒரு மேட்ச் ஆடச் சொல்வேன். விண்டோஸ் 10-இல் 2017-க்குப் பிறகு அதிலேயே கார்டின் ஓட்டமும் தெரியும். பிராசஸர் நூறில் முட்டிக்கொண்டு நிற்க, கார்டு ஐம்பதில் சும்மா உட்கார்ந்திருந்தால், புதுக் கார்டு போட்டால் அது முப்பதில் உட்காரும்.

செகண்ட்ஸ் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தெருவைப் பற்றிப் பேச முடியாது. 2021-இல் கார்டே கிடைக்கவில்லை. லாக்டவுனில் எல்லாரும் வீட்டில். இருந்த கார்டுகளை எல்லாம் மைனிங் செய்து எத்தேரியம் என்ற கிரிப்டோ காசைத் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2016-இல் வந்த 1050 டிஐ ஐந்து வயதான பிறகு தன் முதல் விலையைத் தாண்டி விற்றது. சாமானுக்கு வயது ஏற ஏற விலை ஏறுவதைப் பழைய வெண்கலத்தில்தான் அதுவரை பார்த்திருந்தேன். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது, கார்டு வைத்துத் தோண்டுவதற்கு அதில் வேலையே இல்லாமல் போனது. அதற்கு முன்பே, 2020 கடைசியில், 4 ஜிபி கார்டுகள் அதற்குப் போதாமல் போய்விட்டதால் ஆர்எக்ஸ் 570-இன் 4 ஜிபி மாடல்கள் முதல் அலையாகக் கழிக்கப்பட்டிருந்தன. 8 ஜிபி கார்டுகள் இரண்டாவது அலையில் வந்தன. அட்டைப்பெட்டியில் பத்து பத்தாக அடுக்கி, தனித்தனி கவர்கூட இல்லாமல்.

மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே விஷம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே சூட்டில் இரவு பகலாக ஓடியதால் சிப் சாவது அபூர்வம். ஃபேனும் மெமரியும்தான் தேய்ந்திருக்கும். ஃபேனை விரலால் ஆட்டிப் பார்ப்பேன், அச்சில் ஆட்டம் இருந்தால் மாற்றியாக வேண்டும். ஹீட் சிங்க் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் தெர்மல் பேட் ஊறிப்போயிருக்கிறது. மைனிங்குக்காக பயாஸை மாற்றி எழுதியிருந்தால் கேமில் ஸ்கிரீனில் பொட்டுப் பொட்டாக வரும். பழைய பயாஸைத் திரும்ப ஏற்றினால் பல கார்டுகள் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் கார்டை முழு பாரத்தில் ஓட்டும் ஃபர்மார்க் சாஃப்ட்வேர் போட்டு அரை மணி நேரம். கத்திரி வெயிலில் இந்த டெஸ்ட்டில் தேறிய கார்டு மார்கழியில் தொல்லை தராது. கார்டின் விவரத்தைக் காட்டும் ஜிபியு இசட் சாஃப்ட்வேரில் ஷேடர் எண்ணிக்கையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அசல் ஆர்எக்ஸ் 580-இல் 2304. 2048 என்று வந்தால் அது சீனச் சந்தைக்கென்று வந்த 580. பெயர் 580, உள்ளே இருப்பது 570-இன் கணக்கு. மோசமான கார்டு இல்லை, 570 விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம். பத்து வருடத்துக்கு முந்தைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்த சரக்குகளும் சுற்றின. ஜிபியு இசட் அவற்றின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டே காட்டிவிடும். ஒன்றை மட்டும் எந்த சாஃப்ட்வேரும் காட்டாது. கடலோர வீடுகளில் ஓடிய கார்டுகளில் பின்பக்கத் தகடு துருப்பிடித்து, ஹீட் சிங்கில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். எண்ணூர், காசிமேடு பக்கத்துச் சரக்கை நான் ஒருமுறைக்கு இருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

கார்டு மாட்டிக்கொண்டு போன அன்றைக்கு இரவு வரும் போன் கால்கள் இரண்டு வகை. ஒன்று, "அண்ணா, கார்டு போட்டும் அதே எஃப்பிஎஸ்தான் வருது." மானிட்டர் ஒயரைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டு பக்கமே செருகியிருப்பான். இரண்டு, "ஒயர் மாட்டவே இடம் இல்லண்ணா." பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கும், என்விடியா கார்டுகளில் 1050 டிஐ இருக்கும் 10-ஆம் வரிசையில் இருந்து விஜிஏ சிக்னலே வெளியே வராது. எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இப்போதெல்லாம் போட்டோவிலேயே பார்த்து பில்லில் சேர்த்துவிடுகிறேன். யுபிஎஸ்ஸும் இதில் சேரும். வீட்டில் இருப்பது 600 விஏ என்றால் அது தாங்குவது 360 வாட்தான். மானிட்டரும் அதில்தான் தொங்குகிறது.

2025 அக்டோபரோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு முடித்துவிட்டது. அதே மாதத்தோடு என்விடியாவும் 10-ஆம் வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் சில காலம் வரும். மூன்றாம் தலைமுறை ஐ5 பெட்டிக்கு இனி எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்டால், பெட்டியின் விலையைக் கார்டு தாண்டக் கூடாது என்பேன். இருக்கிற கேமை இரண்டு வருடம் ஓட்ட செகண்ட்ஸ் 1650 போதும். எட்டாம் தலைமுறைக்கு மேல் என்றால் பேச்சே வேறு. 132 வாட்டில், ஒரே ஒரு 8 பின் ஒயரில் ஓடும் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 இந்தப் பட்ஜெட்டுக்கு நான் பார்த்ததிலேயே நியாயமான கார்டு. இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்ல சரக்குதான். ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் அவை பாதி தூங்கிக்கொண்டே ஓடும். பழைய போர்டுக்காரர்களிடம் அதை நான் எடுத்துக் காட்டுவதே இல்லை.

சமீபத்தில் ஒரு பையன் அப்பாவோடு வந்தான். ஐ5 9400எஃப், எச்310 போர்டு, கேபினெட்டோடு வந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ். கையில் இருபதாயிரம், வாயில் ஆர்டிஎக்ஸ் 4060. புது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நாலாயிரம் ஒதுக்க வேண்டும் என்றதும் அவன் முகம் சுருங்கியது. அது வாங்கினால் எஃப்பிஎஸ் ஒன்றுகூட ஏறாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தொழிலில் விற்கக் கஷ்டமான சாமான் எஸ்எம்பிஎஸ்தான். வழக்கமாக அப்பாக்கள் "இதான் ஓடிக்கிட்டு இருக்கே" என்பார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. ஸ்டிக்கரைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். மின்வாரியத்தில் லைன் வேலை பார்க்கிறவராம்.

"பன்னண்டு வோல்ட்டு, பதினாலு ஆம்ப்ஸு. நூத்தி அறுபத்தெட்டு. இதுல எப்டி சார் நானூத்தம்பதுன்னு போட்டான்?"

"அதான் சார் நானும் சொல்ல வந்தேன்."

"இத இத்தன வருஷம் வீட்ல ஓட்டிருக்கோம்டா" என்று மகன் பக்கம் திரும்பினார். அதற்கப்புறம் அவன் 4060 பற்றிப் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. 550 வாட்டில் உருப்படியானது ஒன்றை எடுக்கச் சொன்னார், அதன் ஸ்டிக்கரையும் படித்தார், 12 வோல்ட் வரிசையைப் பெருக்கிப் பார்த்துத் தலையாட்டினார். மிச்சப் பணத்துக்கு, பில்லோடு வந்திருந்த செகண்ட்ஸ் 6600 ஒன்று சரியாக உட்கார்ந்தது. வாரண்டியும் கொஞ்சம் பாக்கி இருந்தது. மாட்டி, டிரைவர் ஏற்றி, மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகிக் காட்டி முடித்தேன். பையன் கடைசியாகச் சுவரில் மாட்டியிருந்த கலர் லைட் ஃபேன்களைக் காட்டி, "அண்ணா, இதுல ஒண்ணு" என்றான்.

"எவ்ளோ வாட் இழுக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு, மூணு வாட் சார்."

"சரி, போட்டுக் குடுங்க."